குளியலறைக் கண்ணாடித் தடுப்பு: கதவு வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி இதுதான். மடிப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. குளியலறை ஐந்தடிக்கு எட்டடி. நுழைந்ததும் வாஷ்பேசின், நடுவில் வெஸ்டர்ன் கழிப்பிடம், கடைசியில் ஜன்னல் ஓரம் ஷவர். கழிப்பிடமும் ஷவரும் ஒரே நீளச் சுவரில் இருக்கின்றன. போர் தண்ணீர். வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய மாமியார் இருக்கிறார். டைல்ஸ் மாற்றும் வேலை தொடங்கப்போகிறது. கடையில் 10 மி.மீ. கண்ணாடியில் கதவோடு கூடிய முழு ஷவர் கேபினைப் போடச் சொல்கிறார்கள்; நானோ கோட்டிங் இருப்பதால் உப்புக்கறையே படியாது என்றும் சொல்கிறார்களாம். போடலாமா, எந்த வகை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில்: கதவு வேண்டாம். ஷவருக்கும் கழிப்பிடத்துக்கும் நடுவில், அவை இருக்கும் சுவரோடு ஒட்டி, 30 அங்குல அகலத்தில் ஆறரை அடி உயரத்துக்கு அசையாத ஒற்றைக் கண்ணாடிப் பலகை ஒன்று போதும். மீதி 30 அங்குலத்தைத் திறந்தே விட்டுவிடுங்கள். கதவுக்கும் கீலுக்கும் தண்டவாளத்துக்கும் கொடுக்க நினைத்த பணத்தைத் தரைக்குச் செலவழியுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

கடைகளில் பார்க்கும் கேபின்கள் எல்லாம் நின்றுகொண்டு ஐந்து நிமிடம் குளித்துவிட்டு வெளியே வருபவர்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. மூன்றடிக்கு மூன்றடி இடம் அதற்குத் தாராளம். நம் வீடுகளில் குளியல் அப்படி மட்டும் நடப்பதில்லை. ஷவர் இருந்தாலும் வாளியும் குவளையும் இருக்கும். சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ எண்ணெய்க் குளியல் உண்டு. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குனிந்து, சீயக்காயைத் தேய்த்து அலச வேண்டும். முழங்கை இடிக்காமல் அதைச் செய்ய மூன்றடிச் சதுரம் போதாது. பெரியவருக்கு முதுகு தேய்த்துவிட இன்னொருவர் உள்ளே வர வேண்டிய நாளும் வரும். சிறு குழந்தையைக் குளிப்பாட்டுபவர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் உட்கார்ந்திருப்பார். கதவு இருந்தால் இதற்கெல்லாம் அதைத் திறந்து வைத்தபடிதான் குளிக்க வேண்டும். அப்படித் திறந்தே கிடக்கும் கதவுகளை நான் பல வீடுகளில் பார்க்கிறேன்.

பாதுகாப்புக் காரணம் ஒன்றும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். உட்புறமாக மட்டும் திறக்கும் கதவுள்ள சிறிய கேபினுக்குள் ஒருவர் வழுக்கி விழுந்தால், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே இருப்பவரால் அதைத் தள்ளித் திறக்க முடியாது. கண்ணாடியை உடைத்து உள்ளே போகலாம் என்றால், அந்தத் துண்டுகள் விழுவது கீழே கிடப்பவர் மீதுதான். எப்படியும் கதவு போட்டே தீர வேண்டும் என்றால், அது வெளிப்புறமாகத் திறப்பதாக இருக்கட்டும், அல்லது இருபுறமும் திறப்பதாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் அறையின் கணக்கைப் பார்ப்போம். அகலம் 60 அங்குலம். கழிப்பிடத்தின் பீங்கான் சுவரிலிருந்து ஏறத்தாழ 27 அங்குலம் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நடக்க மீதி இருப்பது 33 அங்குலம். நான் சொன்ன 30 அங்குலப் பலகை கழிப்பிடத்தை மறைத்தபடி அதன் பக்கமே நிற்கும். திறந்த 30 அங்குலம் நடைபாதைக்கு நேராக அமையும். ஷவர்த் தலையும் அதே நீளச் சுவரில், பலகைக்குப் பின்னால் இருப்பதால், நேராகத் தெறிக்கும் தண்ணீர் கண்ணாடியில் பட்டு உள்ளேயே விழும். எதிர்ச் சுவரில் பட்டுத் தெறிப்பது கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். அதற்காகக் கதவு போடத் தேவையில்லை, தரை வாட்டம், அதாவது சரிவு, சரியாக இருந்தால் அந்தத் தண்ணீர் தானே வடிந்துவிடும். குழாய்த் திருகை மட்டும் திறந்த பக்கத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் இடத்தில் வையுங்கள். வெந்நீர் வரும்வரை குளிர்ந்த நீரில் நனையாமல் வெளியிலிருந்தே திறந்துவிடலாம்.

கதவு தேவைப்படும் அறைகளும் உண்டு. ஷவர் மூலையில் அடங்கி, திறப்பு நேராக அறை வாசலைப் பார்த்திருந்தால் வேண்டும். பிரஷர் பம்ப் வைத்துப் பல திசைகளிலிருந்து பீய்ச்சும் ஷவர் போட்டிருந்தாலும் வேண்டும். அப்போது ஸ்லைடிங்கா, கீல் கதவா என்று கேட்பார்கள். ஸ்லைடிங் கதவு இடத்தை அடைக்காது. ஆனால் பாதிதான் திறக்கும்: ஐந்தடி அகலத்தில் போட்டால் நுழைய 26 அங்குலம் கிடைத்தாலே பெரிது. கீழ்த் தண்டவாளத்தில் சோப்பு நுரையும் முடியும் உப்பும் சேர்ந்து ஒரு பிசின் போலப் படியும். அதைப் பல் தேய்க்கும் பிரஷ் கொண்டு தேய்த்துதான் எடுக்க வேண்டும். மேல் தண்டவாளத்தில் தொங்கும் வகையில் இந்தத் தொல்லை குறைவு. கீல் கதவு அகலமாகத் திறக்கும், சுத்தம் செய்ய எளிது. ஆனால் வெளிப்புறம் திறக்கும்போது கழிப்பிடத்திலோ வாஷ்பேசினிலோ இடிக்குமா என்று தரையில் சாக்பீஸால் வில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

இப்போது தரை. கண்ணாடி தண்ணீர் தெறிப்பதைத்தான் தடுக்கும், ஓடும் தண்ணீரைத் தடுப்பது தரைதான். கேபின் போட்ட பிறகும் குளியலறை முழுக்க ஈரமாக இருக்கிறது என்று புலம்புபவர்களின் வீட்டில், பெரும்பாலும் குறை தரை வாட்டத்தில் இருக்கும். தண்ணீர் வடியும் ஜாலி ஒரு பக்கம் இருக்க, தண்ணீர் மறுபக்கம் போய்த் தேங்கும். டைல்ஸ் மாற்றப்போகிறீர்கள் என்பதால் இதைச் சரிசெய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை இவை. ஷவர்ப் பகுதிக்குத் தனி ஜாலி வேண்டும், கழிப்பிடப் பக்கத்துக்கு இன்னொன்று வேண்டும். ஷவர்ப் பகுதியின் தரையை மற்றப் பகுதியைவிட அரை அங்குலம் தாழ்த்தட்டும். பலர் கண்ணாடிக்கு அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கிரானைட் தடுப்பு கட்டுகிறார்கள். தண்ணீரை நிறுத்த அது நல்ல வழிதான், ஆனால் கண் மங்கிய முதியவர் இருக்கும் வீட்டில் அது கால் தடுக்கும் கல். உங்களுக்கு வேண்டாம். வாட்டம் நான்கடி நீளத்துக்கு அரை முதல் முக்கால் அங்குலம் இருந்தால் போதும். அதிகமாகச் சரித்தால் ஸ்டூல் ஆடும், நிற்பவருக்கும் பிடிமானம் குறையும். தரைக்குப் பெரிய பளபள டைல்ஸ் வேண்டாம். ஓரடிச் சதுரமோ அதற்கும் சிறியதோ எடுத்தால் ஜாலியை நோக்கி நான்கு பக்கமும் வாட்டம் கொடுக்க முடியும், இடுக்கை அடைக்கும் கிரவுட் கோடுகளும் காலுக்குப் பிடிப்புத் தரும். பெட்டியில் ஆர்10 அல்லது ஆர்11 என்ற வழுக்குத் தடுப்பு அளவு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்க் குளியல் நடக்கும் வீட்டுக்கு ஆர்11 தான் என் தேர்வு. தேய்த்துக் கழுவக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு கேட்கும், பரவாயில்லை.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வாட்டர்ப்ரூஃப் பூச்சு காய்ந்ததும் ஜாலியை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவைத்து, அவர் வீட்டு மேற்கூரையைப் போய்ப் பாருங்கள். ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸ். இந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தச் சொல்லும் ஒப்பந்தக்காரருக்கு இணங்காதீர்கள். அதன் பின் கண்ணாடி பொருத்த வருபவர் தரையை வெட்டிக் காடி எடுக்கவோ, டிரில் போடவோ விடாதீர்கள். ஓர் ஓட்டை போட்டாலே பூச்சின் பயன் போய்விடும். தரையில் அலுமினிய ‘யூ’ சேனலை சிலிகான் வைத்து ஒட்டினாலே போதும். திருகெல்லாம் சுவரில்தான்.

சுவருக்கு வருகிறேன். புது அடுக்ககங்களில் பெரும்பாலும் ஏஏசி எனப்படும் இலேசான, காற்றுக்குமிழ் நிறைந்த கான்கிரீட் கற்களால் சுவர் எழுப்புகிறார்கள். செங்கல் சுவருக்குப் போடும் சாதாரண பிளக்கை அதில் செருகித் திருகினால் சில மாதங்களில் ஆட்டம் காணும். அதற்கென்று உள்ள ஆங்கரோ, பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கரோ வேண்டும். உங்கள் சுவர் எது என்று டைல்ஸ் பெயர்க்கும்போதே தெரிந்துவிடும். அப்போதே இன்னொரு காரியம் செய்யுங்கள்: குழாய்கள் பதித்து முடித்ததும், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா விரித்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில், மூலையிலிருந்து எத்தனை அங்குலத்தில் குழாய் போகிறது என்று அந்தப் படத்தில் தெரிய வேண்டும். கண்ணாடி பொருத்துபவர் கையில் அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டால், டிரில் வெந்நீர்க் குழாயில் இறங்காது.

கண்ணாடி டஃபன்டு கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பேச்சுக்கே இடமில்லை. சாதாரணக் கண்ணாடியை அளவாக வெட்டி, ஓரம் தேய்த்து, ஓட்டை போட்டு, அதன் பிறகு 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பின்னால் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேற்பரப்பில் இப்படி உண்டாகும் அழுத்தத்தால்தான் அது சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு பலம் பெறுகிறது. உடைந்தாலும் கத்தி போன்ற சில்லுகளாக இல்லாமல் மழுங்கிய சிறு துண்டுகளாக உதிர்வதும் அதனால்தான். ஆனால் நடுவில் குத்தினால் தாங்கும் கண்ணாடி, ஓரத்திலோ மூலையிலோ டைல்ஸ் தரையில் லேசாக இடித்தாலும் மொத்தமாக நொறுங்கிவிடக்கூடும். இறக்கிவைக்கும்போது அடியில் மரக்கட்டையோ அட்டையோ போடச் சொல்லுங்கள்.

டஃபன் செய்தபின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், அளவு எடுப்பது டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகுதான். சுவர்கள் தூக்குக்குண்டு விட்டதுபோல நேராக இருப்பது அபூர்வம். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். டைல்ஸுக்கு முன்பே அளவெடுத்து ஆர்டர் கொடுத்துவிடலாம் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

உண்மையிலேயே டஃபன்டுதானா என்று எப்படி அறிவது? மூலையில் அழியாத முத்திரை இருக்கும். அதில் ஐஎஸ்ஐ குறியும், ஐஎஸ் 2553 என்ற எண்ணும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, ஐஎஸ்ஐ குறி வழங்கும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துடையது என்று தெரிந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு: போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, பகல் வானத்தை நோக்கிக் கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். டஃபன்டு என்றால் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ வரிசையாகத் தெரியும். காற்று பீய்ச்சிக் குளிரவைத்ததின் அடையாளம் அது. சாதாரணக் கண்ணாடியில் அது தெரியாது.

அபூர்வமாக, யாரும் தொடாமலேயே டஃபன்டு கண்ணாடி வெடிப்பதுண்டு. உருக்கும்போது கலந்துவிடும் நிக்கல் சல்பைடு துகள் பின்னாளில் பருமன் கூடுவதே முக்கியக் காரணம். ஹீட் சோக் சோதனை, அதாவது ஆலையிலேயே மறுபடி சூடாக்கி, வெடிக்கக்கூடியதை அங்கேயே வெடிக்கவிடும் சோதனை, முடித்த கண்ணாடி கிடைத்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். கிடைக்காவிட்டால் வெளிப்பக்கம் ஒரு பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம். உடைந்தாலும் துண்டுகள் கீழே உதிராமல் ஒட்டி நிற்கும். முதியவரும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் நான் இதைக் கேட்டுப் போடவைப்பேன்.

8 மி.மீ.யா 10 மி.மீ.யா? கண்ணாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரை கிலோ. உங்கள் பலகை சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர், 8 மி.மீ. என்றால் 30 கிலோ, 10 மி.மீ. என்றால் ஏறத்தாழ 38 கிலோ. ஒரு பக்கம் சுவர்ச் சேனலில் நின்று, மேலே ஒரு தாங்கு கம்பி சுவரோடு இணைந்தால், இந்த அளவுக்கு 8 மி.மீ. தாராளம். 10 மி.மீ. தொட்டால் இன்னும் திடமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கதவு என்றால் அந்தக் கூடுதல் எடை முழுவதும் கீலில் விழும். தடிமன் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து 10 மி.மீ. கதவை மலிவான கீலில் தொங்கவிட்டால் ஓரிரு வருடத்தில் அது தொங்கிப்போய் தரையை உரசும். நீங்கள் 8 மி.மீ. எடுத்து, மிச்சமாவதை உலோகப் பாகங்களில் போடுங்கள்.

உலோகத்தில்தான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது. கிளாம்ப், தாங்கு கம்பி, கீல் எல்லாம் 304 ரக எவர்சில்வரிலோ பித்தளையிலோ இருக்க வேண்டும். 202 ரகம் மலிவு. பார்க்க ஒன்றுபோலவே பளபளக்கும், ஈரத்தில் பழுப்புப் புள்ளி விடும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 தான் என்று கடையில் நிரூபித்துக் காட்டுவார்கள். அந்தச் சோதனை இங்கே செல்லாது. 202 ரகத்திலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. ஆகவே பில்லில் ‘304’ என்று எழுதி வாங்குங்கள். முலாம் பூசிய துத்தநாகக் கலவைப் பாகங்கள் முலாம் உரிந்ததும் பொரிந்துபோகும், அவை வேண்டவே வேண்டாம். கடற்கரையை ஒட்டிய வீடு, உப்பு அதிகமுள்ள தண்ணீர் என்றால் 316 ரகம் கேட்கலாம். விலைப்பட்டியலில் கண்ணாடி, உலோகப் பாகம், பொருத்துகூலி மூன்றையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். சதுர அடிக் கணக்கில் ஒரே தொகையாகச் சொன்னால் எதில் குறைத்திருக்கிறார்கள் என்று தெரியாது.

நானோ கோட்டிங் பற்றி. அது பொய்யில்லை. தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு வழியும். ஆனால் வழியாமல் நின்ற முத்து அங்கேயே காய்ந்தால், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைப் புள்ளியாகத்தான் மிஞ்சும். பூச்சும் நாளடைவில் தேயும். நார் போட்டுத் தேய்த்தால் இன்னும் சீக்கிரம். போர் தண்ணீரில் கறையே படியாது என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவை, பரிசோதியுங்கள். ஆர்.ஓ. விற்க வருபவர் பேனா போன்ற கருவியை முக்கிக் காட்டுவது மொத்தக் கரைதிண்மம், அதாவது டிடிஎஸ்; கடினத்தன்மை வேறு. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்றது என்றும், வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் போர் தண்ணீரில் இது குறையக் குறையக் கண்ணாடியில் கறையும் குறையும். 600ஐ நெருங்கினால், குடியிருப்போர் சங்கத்தில் பேசி மொத்தக் கட்டடத்துக்கும் கடினத்தன்மையைக் குறைக்கும் ஒரு சாஃப்டனர் வைப்பது எல்லார் வீட்டுக் கீசருக்கும் நல்லது.

எந்தத் தண்ணீரானாலும், கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக நாலு இழுப்பு இழுத்துவிட்டால் கறை கால்வாசிகூடப் படியாது. உள்பக்கச் சுவரில் ஒரு கொக்கி அடித்து வைப்பரை அங்கேயே மாட்டிவிடுங்கள், கைக்கு எட்டினால்தான் பழக்கமாகும். படிந்த கறைக்கு வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து, துணியை நனைத்துக் கண்ணாடியில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒட்டிவைத்துவிட்டுக் கழுவுங்கள். பளிங்கிலோ கடப்பைக் கல்லிலோ வினிகர் பட விடாதீர்கள்; அவை அரித்துப்போகும். கழிப்பறைக்குப் போடும் ஆசிட்டை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் ஆவியும் துளியும் எவர்சில்வரையும் கிரவுட்டையும் தின்றுவிடும். வேலை செய்ய வருபவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

மறைவுக்காகப் பனிக்கண்ணாடி கேட்பவர்கள் உண்டு. கதவில்லாத தடுப்புக்கு அது அவசியமில்லை. எடுத்தால் சொரசொரப்பான பக்கம் வெளியே, வழுவழுப்பான பக்கம் ஷவரைப் பார்த்து இருக்கட்டும். தெளிந்த கண்ணாடியில் முதியவர் முட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண் மட்டத்தில் ஒரு பட்டை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதும்.

மாமியாருக்காக இன்னும் ஒன்று. சுவரில் பிடிகம்பி கட்டாயம் வையுங்கள். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் ஒன்று, நுழையும் இடத்தில் செங்குத்தாக ஒன்று. துண்டு போடும் கம்பியும் கண்ணாடியின் தாங்கு கம்பியும் ஆள் எடையைத் தாங்கச் செய்தவை அல்ல. வழுக்கும்போது கை தானாக அருகில் இருப்பதைத்தான் பற்றும், ஆகவே அருகில் இருப்பது உறுதியானதாக இருக்க வேண்டும். ஏஏசி சுவராக இருந்தால் இந்தப் பிடிகம்பி வரும் இடத்தில் டைல்ஸுக்கு முன்பே கான்கிரீட் நிரப்பிவிடச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்பவருக்கு என் பதில் வேறு. துளையே போடாத ஸ்பிரிங் கம்பியும் ஆறடித் திரையும் போதும். அழுக்கானால் துவைக்கலாம், பழசானால் மாற்றலாம், வீடு மாறும்போது எடுத்துப்போகலாம்.

பொருத்தும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். கண்ணாடி இறங்கியதும் நான்கு மூலையையும் விரலால் தடவிப் பாருங்கள். பொரிந்தோ சிதைந்தோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள், பொருத்திய பின் பேசிப் பயனில்லை. கண்ணாடி எந்த இடத்திலும் உலோகத்தையோ டைல்ஸையோ நேராகத் தொடக் கூடாது, இடையில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துச் செங்குத்து பார்க்கச் சொல்லுங்கள். சிலிகான் குழாயில் ‘நியூட்ரல்’ என்றும் பூஞ்சை எதிர்ப்பு உண்டு என்றும் எழுதியிருக்க வேண்டும். பிதுக்கும்போது வினிகர் நெடி அடித்தால் அது உலோகத்தை அரிக்கும் வகை, மாற்றச் சொல்லுங்கள். சிலிகான் பூசிய பின் 24 மணி நேரம் ஷவரைத் திறக்காதீர்கள். மறுநாள் இரண்டு வாளித் தண்ணீரைக் கண்ணாடி மீதே வீசி ஊற்றிவிட்டு, கழிப்பிடப் பக்கம் நின்று சேனலின் அடியில் ஈரக்கோடு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.